பழைய கழிப்பறைக் கோப்பை வாங்கலாமா? முதலில் வீட்டில் அளந்து பாருங்கள்!



முழங்கால் வலியால் குந்த முடியாத மாமியாரோ அம்மாவோ வீட்டில் இருந்தால், அவங்க படும் பாடு நமக்குத் தெரியும். வீட்டில் கழிப்பறை இருந்தும், "எனக்குச் சாப்பாடு போதும்மா"ன்னு பாதி வயிற்றோடு எழுந்துடுவாங்க. உட்காரும் வசதியுள்ள வெஸ்டர்ன் கோப்பை இதற்கு ஒரு வழி. இடித்த வீட்டுச் சாமான் விற்கும் கடைகளில் பழைய கோப்பை மலிவாகக் கிடைக்கும். ஆனால் அது நம் வீட்டுக் குழாயோடு சேராவிட்டால், குழுவில் வாங்கிய கடன் வீண். ஆகவே கீழே உள்ளதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

1. தண்ணீர் போதுமா?
கிராமக் கழிப்பறைக் கோப்பை சரிவு அதிகமானது. 2 லிட்டர் ஊற்றினாலே மலம் போய்விடும். வெஸ்டர்ன் கோப்பைக்கு ஒவ்வொரு முறையும் ஒரு வாளித் தண்ணீர் வேண்டும். தண்ணீர் சுமந்து வரும் வீடாக இருந்தாலோ, உறிஞ்சுகுழி சிறியதாக இருந்தாலோ கோப்பையை மாற்ற வேண்டாம். இருக்கும் கோப்பையின் மேல் நடுவில் ஓட்டை உள்ள நாற்காலி போட்டு, சுவரில் கைப்பிடி வைத்தால் போதும்.

2. குழாய் எங்கே போகிறது?
குளிக்கும் தண்ணீர் போகும் குழாயில் கோப்பையைச் சேர்க்கவே கூடாது. அது சாக்கடையில் போய் முடியும். தெருவில் மலம் கலந்தால் நம்ம பிள்ளைகளுக்குத்தான் வயிற்றுப்போக்கு. கழிப்பறைக்குத் தனியாக 4 அங்குலக் குழாய், செப்டிக் டேங்குக்கோ உறிஞ்சுகுழிக்கோ போக வேண்டும்.

3. தரையா, சுவரா?
கழிவு கீழ்நோக்கிப் போகும் கோப்பை 'எஸ் டிராப்'. பின்பக்கம் போவது 'பி டிராப்'. குழாய் வாய் தரையில் இருந்தால், சுவரிலிருந்து வாயின் நடு வரை அளக்கவும். சுவரில் இருந்தால், தரையிலிருந்து வாயின் நடு வரை உயரம் அளக்கவும். அளவைத் தாளில் எழுதி, டேப்போடு கடைக்குப் போங்கள். அளவு ஒத்துவராவிட்டால், சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

4. கடையில் சோதனை
நாணயத்தால் தட்டுங்கள். 'கணீர்' என்று கேட்டால் நல்லது. 'டப்' என்றால் உள்ளே விரிசல் இருக்கலாம். சமமாக வைத்துத் தண்ணீர் ஊற்றுங்கள். உள்ளே தேங்கி நிற்கும் தண்ணீர்தான் நாற்றத்தையும் பூச்சியையும் தடுக்கும் பூட்டு. அரை மணி நேரம் கழித்து மட்டம் இறங்கியிருந்தால் வாங்காதீர்கள்.

5. கழுவும்போது
கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். அதில் வரும் வாயு நுரையீரலைக் கெடுக்கும்.

6. பொருத்தும்போது
பழைய கோப்பையை எடுக்கும்போது அதன் அடியில் உள்ள வளைவையும் (டிராப்) எடுக்கச் சொல்லுங்கள். வெஸ்டர்ன் கோப்பையில் வளைவு உள்ளேயே இருக்கிறது. இரண்டும் இருந்தால் அடைத்துக்கொள்ளும். இணைப்புக்குப் புது ரப்பர் கனெக்டர் போடுங்கள், இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். ஸ்குரூவுக்கு வாஷர் போட்டு, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். ஒரே பக்கம் இறுக்கினால் பீங்கான் உடையும்.

முடிந்ததும் இணைப்பைச் சுற்றி நாளிதழ் விரித்து, ஐந்தாறு வாளி ஊற்றிப் பாருங்கள். தாள் நனைந்தால் கொத்தனார் போகும் முன்பே சரிசெய்யச் சொல்லுங்கள். கூலி கொடுப்பது அதற்குப் பிறகுதான்.

டேங்க் நிறைந்திருந்தால் லாரியைக் கூப்பிடுங்கள். உள்ளே ஆளை இறக்காதீர்கள். விஷவாயு உயிரைக் குடிக்கும். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றமும் ஆகும்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்:
• நம் குழுவில் எத்தனை வீட்டில் குந்த முடியாத பெரியவர்கள் இருக்கிறார்கள்?
• அவர்களுக்கு நாற்காலி போதுமா, கோப்பை மாற்ற வேண்டுமா?
• இதற்குக் கடன் கேட்கும் உறுப்பினர் வீட்டில், குழாயை அளந்து பார்க்கக் கூடப் போவது யார்?