ஒரே ஞானஸ்நானம்

அன்புள்ள மகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பெரியம்மாவும் வாசித்தாள். பெண் வீட்டாரைப் பற்றி நீ எழுதியிருந்ததைப் படித்து இருவருக்கும் மனம் நிறைந்தது. ஜெபிக்கிற குடும்பம், கடன் இல்லாத குடும்பம், வரதட்சணை கேளாதே என்று முதலிலேயே சொல்லிவிட்ட குடும்பம். இப்படி ஒரு சம்பந்தம் எளிதில் அமையாது.

தடங்கலுக்கு வருகிறேன். குழந்தையில் ஞானஸ்நானம் பெற்ற நீ மறுபடி முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தால்தான் கலியாணத்தை நடத்தி வைப்பேன் என்று அவர்களுடைய பெந்தெகொஸ்தே சபைப் பாஸ்டர் சொல்லிவிட்டார். தாலியும் கூடாது, நகையும் கூடாது. "தண்ணீரில் இறங்கி ஏறினால் காரியம் முடிந்தது, இதற்காக ஒரு நல்ல பெண்ணை விடுவாயா?" என்று உன் கூட்டாளிகள் கேட்கிறார்கள். உன் அப்பா இருந்திருந்தால் அவனிடம் கேட்டிருப்பாய். அவன் இடத்திலிருந்து எழுதுகிறேன்.

தாலியை விட்டுக்கொடு. நகையை விட்டுக்கொடு. இரண்டாம் தரம் ஞானஸ்நானம் எடுக்காதே.

தாலி நம் நாட்டு வழக்கம். சிலுவை பொறித்து, பீடத்தின் முன் ஜெபித்துக் கொடுக்கிறோம், நல்ல வழக்கம்தான். ஆனால் கட்டளை அல்ல. தேவனுக்கு முன்பாக நீங்கள் இருவரும் கொடுக்கிற வாக்கில்தான் திருமணம் நிற்கிறது. நகை விஷயத்தில் அவர்கள் பேதுருவின் நிருபத்தையும் தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபத்தையும் காட்டுவார்கள். அந்த வசனங்களை நான் அப்படி வாசிப்பதில்லை. ஆனாலும் பவுன் கணக்குப் பேசி ஏழைத் தகப்பன்மாரை நொறுக்குகிற நம்மவர்களைவிட, இந்த ஒரு காரியத்தில் அவர்கள் சுவிசேஷத்துக்குக் கிட்ட நிற்கிறார்கள் என்றே நம்புகிறேன். உன் அம்மா வருத்தப்படுவாள். அவளிடம் நான் பேசுகிறேன்.

ஞானஸ்நானத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். முதலில் அவர்கள் பக்க நியாயத்தைச் சரியாகத் தெரிந்துகொள். அப்போஸ்தலர் நடபடிகளில் மனந்திரும்பி விசுவாசித்தவர்களே ஞானஸ்நானம் பெறுகிறார்கள். கைக்குழந்தைக்குக் கொடுத்ததாகப் புதிய ஏற்பாட்டில் வெளிப்படையான வசனம் ஒன்றுகூட இல்லை. கிறிஸ்துவோடு அடக்கம்பண்ணப்பட்டு எழும்புவதாக ரோமர் ஆறாம் அதிகாரம் சொல்வதற்கு, தண்ணீருக்குள் மூழ்கி எழுவதே பொருத்தமான அடையாளம். இதையெல்லாம் நம்மவர்கள் மழுப்பக் கூடாது. விசுவாசம் இல்லாமல், பெயரும் விருந்தும் மட்டுமாகப் போய்விட்ட எத்தனையோ ஞானஸ்நானங்களைப் பார்த்துத்தான் அவர்கள் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறார்கள். அந்தப் பிடிவாதத்துக்குள் ஒரு பக்தி இருக்கிறது.

நம் பக்க நியாயமும் சின்னதல்ல. லீதியாளும் சிறைச்சாலைக்காரனும் வீட்டார் அனைவரோடும் ஞானஸ்நானம் பெற்றார்கள். அப்போஸ்தலர் காலத்தை ஒட்டி எழுதப்பட்ட திதாக்கே என்ற பழைய போதனை நூல், போதுமான தண்ணீர் இல்லாத இடத்தில் தலைமேல் மூன்று தரம் ஊற்றலாம் என்று அனுமதிக்கிறது. ஆகவே தண்ணீரின் அளவைப் பற்றி அந்த நூல் சண்டை போடவில்லை. இவற்றைவிடப் பெரிய நியாயம் ஒன்று உண்டு. ஞானஸ்நானத்தில் முதலில் பேசுகிறவர் தேவன். நீ அவரைப் பற்றி என்ன முடிவெடுத்தாய் என்பது அதற்குப் பிறகு. உன்னைத் தூக்கிக்கொண்டு நாங்கள் ஞானஸ்நானத் தொட்டியண்டை நின்றபோது உன்னால் ஒரு வார்த்தையும் சொல்ல முடியவில்லை, அவர் சொன்னார். திடப்படுத்தலின்போது நீ அதற்கு உன் வாயால் ஆமென் சொன்னாய். அந்த விசுவாசம் பிறகு தளர்ந்திருக்கலாம், மறுபடி எழுந்திருக்கலாம். அவர் சொன்னது தளரவில்லை. அதைத் திரும்பச் சொல்லும்படி அவரிடம் கேட்பது, முதலில் சொன்னது செல்லாது என்பதற்குச் சமம்.

இது நம் ஒரு சபையின் வறட்டுச் சட்டம் என்று எண்ணாதே. வேறு போதனைக்காரர்கள் கொடுத்த ஞானஸ்நானம் செல்லுமா என்ற கேள்வி பழைய கேள்வி. திரித்துவ நாமத்தில் கொடுக்கப்பட்டிருந்தால் திரும்பக் கொடுக்க வேண்டாம் என்று 314ஆம் ஆண்டிலேயே ஆர்ல் நகரத்துச் சங்கம் தீர்மானித்தது. நிசேயா விசுவாசப் பிரமாணத்தில் ஒரே ஞானஸ்நானத்தை அறிக்கையிடுகிறோம். ரோமன் கத்தோலிக்க சபையும் நாமும் எத்தனையோ காரியங்களில் வேறுபட்டாலும் இதில் ஒன்றுபட்டு நிற்கிறோம்.

இந்த வரலாற்றில் நம்மவர்கள் வெட்கப்பட வேண்டிய பக்கமும் உண்டு. 1525இல் சூரிச் நகரில் சிலர் வளர்ந்த பிறகு மறுபடி ஞானஸ்நானம் பெற்றார்கள். அவர்களில் ஒருவரான ஃபீலிக்ஸ் மான்ஸ் என்பவரை 1527 ஜனவரியில் அந்த ஊர் அதிகாரிகள் லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். கொன்றவர்கள் சீர்திருத்த சபைக்காரர்கள். உபதேசம் சரியாயிருந்தும் அன்பில்லாமல் போனால் கை எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அந்தப் பாஸ்டர் முன் போய் உட்காரும்போது இதை நினைவில் வைத்துக்கொள்.

உன் கூட்டாளிகள் சொன்ன சுலப வழிக்கு வருகிறேன். விசுவாசித்து அறிக்கையிடுகிறவனுக்கே ஞானஸ்நானம் என்பதுதானே அவர்கள் போதனை? அப்படியானால், உள்ளத்தில் நம்பாமல் கலியாணத்துக்காக நீ மூழ்கி எழுந்தால், அவர்கள் போதனைப்படியே அது ஞானஸ்நானம் ஆகாது. நம் போதனைப்படி முன்னே பெற்றதை அவமதித்ததாகும். இரண்டு சபைக்கும் பொய் சொல்லி, தேவன் முன்னிலையிலும் பொய் சொல்லி, அதன்மேல் ஒரு குடும்பத்தைக் கட்டாதே, மகனே. வேதத்தை ஆராய்ந்து உன் மனசாட்சியே ஒரு நாள் அந்தப் பக்கம் திரும்பினால் அது வேறு விஷயம். அப்போது வா, ராத்திரி முழுவதும் உட்கார்ந்து பேசுவோம். முகூர்த்தத் தேதி நெருக்கும்போது வருகிற மனமாற்றத்தை மட்டும் நம்பாதே.

அந்தப் பாஸ்டரிடம் மரியாதையாக ஒன்று கேள்: எந்த நாமத்தில் ஞானஸ்நானம் கொடுக்கிறீர்கள்? பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலானவை பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில்தான் கொடுக்கின்றன. திரித்துவத்தையே மறுத்து, இயேசுவின் நாமத்தில் மட்டும் கொடுக்கிற கூட்டமும் உண்டு. 1916இல் அமெரிக்காவில் அசெம்பிளிஸ் ஆஃப் காட் சபை பிளந்தது இந்த விஷயத்தில்தான். அவர் முதல் வகை என்றால் நம் சகோதரர். முறைகளில் எவ்வளவு வேறுபட்டாலும் பயமில்லை. இரண்டாம் வகை என்றால் உடனே எனக்கு எழுது. அங்கே வித்தியாசம் தாலியிலும் தண்ணீரிலும் இல்லை, யாரை ஆராதிக்கிறோம் என்பதில் இருக்கிறது.

அவர்கள் ஆராதனை உனக்குக் கூச்சமாக இருப்பதாக எழுதியிருந்தாய். கைதட்டலும் அந்நிய பாஷையும் வெளிநாட்டுச் சரக்கு என்று நம் ஊரில் பேசுவார்கள். அது சரியல்ல. அமெரிக்காவில் 1906இல் அசுசா தெருவில் எழுப்புதல் வருவதற்கு நெடுங்காலம் முன்பே, 1860இல், நம் திருநெல்வேலிச் சபைகளில் ஓர் எழுப்புதல் வந்தது. கிறிஸ்டியன் அருளப்பன் என்ற தமிழர் அதற்கு முன்னின்றார். பாவ உணர்வில் ஜனங்கள் கதறினார்கள், தீர்க்கதரிசனம் சொன்னார்கள், அந்நிய பாஷையும் பேசினார்கள். பயந்தவர்களும் இருந்தார்கள், நன்றி சொன்னவர்களும் இருந்தார்கள். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடி, நீயும் துதி.

அவளையும் நம் ஆலயத்துக்குக் கூட்டி வா. அச்சிட்ட ஜெபத்தை வாசித்தால் ஆவியில்லை என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். வாய் வறண்டு, சொந்த வார்த்தை எதுவும் வராத நாட்களில் அந்த ஜெபம் நம்மைத் தாங்குவதை அவள் மெதுவாகக் கண்டுகொள்ளட்டும். திருவிருந்தின்போது கையோடு கை சேர்த்துச் சமாதானம் கொடுக்கிறோமே, அது இங்கிலாந்திலிருந்து வந்ததல்ல. கேரளத்து சுரியானிச் சபையின் வழக்கத்தை 1950இல் உருவான நம் ஆராதனை முறைமை எடுத்துக்கொண்டது. அதையும் அவளுக்குச் சொல்.

நம் சபை வந்த வழியையும் நினைத்துப் பார். 1778இல் பாளையங்கோட்டையில் குளோரிந்தா என்ற பெண்ணுக்கு ஞானஸ்நானம் கொடுத்த சுவார்ட்ஸ் ஐயர் ஜெர்மன் லுத்தரன் மிஷனரி. பிறகு ஆங்கிலிக்கன் ஆனோம். 1835இல் சபை ஒழுங்கைப் பற்றிய தகராறில் மிஷனரி ரேனியஸ் ஐயர் நீக்கப்பட்டு, சபைகள் இரண்டுபட்டன. பின்னும் ஒட்டிக்கொண்டோம். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா அத்தியட்சரும் மற்றவர்களும் 1919இல் தரங்கம்பாடியில் ஐக்கியத்துக்கு அழைப்பு விடுத்தார்கள். 1947 செப்டம்பர் 27இல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அதைக் காண அசரியா இல்லை. 1945 புத்தாண்டு நாளிலேயே கர்த்தரண்டை போய்விட்டார். அந்த ஐக்கியத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. அத்தியட்சர் கை வைக்காத மெதடிஸ்டு, பிரெஸ்பிட்டேரியன் போதகர்களை மறுபடி அபிஷேகம் பண்ண வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. தேவன் ஏற்கெனவே செய்ததை அங்கீகரித்துத்தான் ஒன்றானார்கள். இங்கிலாந்தில் சிலருக்கு அது பெரிய இடறலாக இருந்தது. உன்னையும் அதே அங்கீகாரத்தைத்தான் அந்தப் பாஸ்டரிடம் கேட்கச் சொல்கிறேன். அவர்கள் சபையில் அவள் பெற்ற ஞானஸ்நானத்தை நாம் முழு மனதோடு ஏற்கிறோம். அவளைத் திரும்பத் தொட்டியண்டை கூப்பிட மாட்டோம் என்று அவருக்குச் சொல்.

பிள்ளைகளைப் பற்றி இப்போதே பேசுங்கள். கலியாணத்துக்குப் பிறகு, தொட்டிலைச் சுற்றி நின்று இரு வீட்டாரும் சண்டை போடுவதைப் பார்த்திருக்கிறேன். கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க அவள் மனசாட்சி ஒப்பாவிட்டால் வற்புறுத்தாதே. ஜெபித்துப் பிரதிஷ்டை பண்ணி, பிள்ளை வளர்ந்து தானே கேட்கும்வரை காத்திருங்கள். மோனிக்காள் அவ்வளவு பக்தியுள்ள தாய். அவள் மகன் அகஸ்டின் 387இல்தான், முப்பது வயது கடந்த பிறகு, மிலான் நகரில் அம்புரோஸ் கையால் ஞானஸ்நானம் பெற்றான். தள்ளிவைப்பதில் பாவமில்லை. ஒருமுறை கொடுக்கப்பட்டதை இல்லை என்பதுதான் கூடாது.

இன்னொன்று. பாஸ்டர் சொன்னதை எழுதினாய், அவள் அப்பா சொன்னதை எழுதினாய், உன் கூட்டாளிகள் சொன்னதையும் எழுதினாய். அந்தப் பெண் என்ன நினைக்கிறாள் என்று உன் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. முதலில் அவளிடம் கேள். நீ ஏன் மாட்டேன் என்கிறாய் என்பதையும் அவளிடமே முதலில் சொல். அதற்குப் பிறகு பாஸ்டரைப் போய்ப் பார். அவர் சம்மதித்தால் நானும் கூட வருகிறேன். கலியாணம் நம் ஆலயத்தில் நடக்கட்டும், அவர் வந்து ஜெபித்து ஆசீர்வதிக்கட்டும் என்று கேட்போம். கலியாண அறிவிப்பு ஓலையை மூன்று ஞாயிற்றுக்கிழமை வாசிக்க வேண்டும். நம் சேகர குருவானவருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்பதால், அவள் சொன்னதை இந்த வாரத்துக்குள் எழுது.

கர்த்தருக்குள் அன்பான,
பெரியப்பா