திரும்பி வரும் கேரியரைத் திறந்து பார்

அன்புள்ள தம்பிக்கு,

உன் மாத மெனு நோட்டீஸும் மாதிரிக் கேரியரும் வந்து சேர்ந்தன. ஸ்ரீரங்கத்துப் பெரியவர்களுக்கு என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, ஏகாதசியன்று சாம்பார் சாதமா? பஞ்சாங்கம் பார்க்காமல் உத்தர வீதியில் கேரியர் தூக்கலாம் என்று உனக்கு யார் சொன்னது? அன்று இவர்களில் பலர் அரிசியைத் தொடமாட்டார்கள். மறுநாள் துவாதசிக்கு அகத்திக்கீரையும் நெல்லிக்காய்ப் பச்சடியும் காலையிலேயே போய்ச் சேர வேண்டும். நீயோ வழக்கம்போல ‘12 மணியிலிருந்து 2 மணிக்குள்’ என்கிறாய்.

அந்த ‘க்குள்’தான் எனக்கு எரிச்சல். இன்சுலின் குத்திக்கொண்டோ, க்ளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுக்கொண்டோ இலை முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டு மணி நேரம் விளையாட்டில்லை. சர்க்கரை இறங்கி, கை நடுங்கி, வாசலைப் பார்க்க எழுந்து விழுந்தால் இடுப்பெலும்பு போச்சு. பெரும்பாலும் அதோடு அந்த வீட்டுக்குப் பூட்டு. ஆளுக்கு ஒரு நேரம் குறித்துக்கொள், தப்பாதே.

அடுத்து தேங்காய். திங்கள் அவியல், புதன் மோர்க்கூட்டு, வெள்ளி மறுபடி அவியல்! நீ அனுப்புவது ஒரு வேளைச் சாப்பாடு; அவர்களுக்கு அது இரண்டு வேளை. பாதியைத் தட்டுப் போட்டு மூடி ராத்திரிக்கு வைக்காத கிழவியை நான் கண்டதில்லை. அரைத்த தேங்காய் சாயங்காலத்துக்குள் ஊசிப்போகும்; வெளியே கிடந்த சாதமும் வயிற்றைக் கெடுக்கும். மதியச் சாதத்தைக் குறை. ராத்திரிக்குத் தனியாக இரண்டு இட்லி கொடுத்தனுப்பு.

நான் மெஸ் நடத்தியபோது, திரும்பி வரும் கேரியரை நானே திறந்து பார்த்த பிறகுதான் கழுவப் போடுவேன். சித்திரை வீதியில் ஒரு ரிடையர்டு ஹெட்மாஸ்டர், மனைவி போன பிறகு தனியாள். ஒருநாள் பால் பொங்கி அடுப்பு அணைந்து, கேஸ் திறந்தபடியே கிடந்திருக்கிறது. பெங்களூர்ப் பிள்ளை முதியோர் இல்லத்துக்கு முன்பணம் கட்டக் கிளம்பிவிட்டான். அடுப்பே வேண்டாம் என்று கேரியர் ஆரம்பித்தோம். கடைசிவரை அதே வீட்டில்தான் இருந்தார். நடுவில் இரண்டு நாள் பொரியல் தொடாமல் வந்தது. கேரியர் கொண்டுபோகும் பையனை உள்ளே போய்ப் பார்க்கச் சொன்னேன். பல்செட் உடைந்திருக்கிறது. பிள்ளைக்குத் தெரிந்தால் கூட்டிக்கொண்டு போய்விடுவான் என்று மனுஷர் மூச்சு விடவில்லை. குழைந்த சாதம், மசித்த கீரை என்று மாற்றினோம்.

அமெரிக்காவில், பிலடெல்பியாவில் 1954-ல் வீடு தேடிச் சாப்பாடு கொடுக்கத் தொடங்கியபோது, கொண்டுபோனவர்களில் பெரும்பாலோர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். பெரியவர்களுக்கு அன்றாடம் ஒரு முகம் பார்க்கக் கிடைத்தது. உன் நோட்டீஸில் ‘கேட்டில் மாட்டிவிட்டுச் செல்லப்படும்’ என்று பெருமையாக ஒரு வரி. முதலில் அதை அடி. கதவு திறக்கும்வரை பையன் நிற்கட்டும். நேரம் கூடத்தான் ஆகும். அதற்கும் சேர்த்து விலை வை. வெளியூர்ப் பிள்ளைகள் மறுபேச்சில்லாமல் கொடுப்பார்கள்.

ரசத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். பிரஷர்காரர்களுக்கு உப்பைக் குறைத்தால் ரசம் சப்பென்று போகும். வயசான நாக்குக்குச் சுவையும் மட்டு. நீயோ உப்பைக் குறைத்து, மிளகிலும் எலுமிச்சையிலும் அதை நிமிர்த்திவிட்டாய். இந்த ஊரில் அந்தக் கைப்பக்குவம் வேறு யாருக்கும் வாய்த்ததில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

அடுத்த மாதத்திலிருந்து எனக்கும் ஒரு கேரியர் எழுதிக்கொள். பன்னிரண்டேகாலுக்கு. ரசம் இரண்டு பங்கு.

ஆசிகளுடன்,
பழைய மெஸ் மாமி