காயம் இல்லையென்றால் பாதிப்பும் இல்லையா?

கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸ் அடுக்குமாடி வீடுகளில் பிள்ளைகளைப் பற்றிய பயமெல்லாம் வாசலுக்கு வெளியேதான்: பள்ளிக்கு அழைத்துப்போகும் பூல் கார் ஓட்டுநர், ஏரிக்கரையில் திரியும் முகம் தெரியாத ஆள். மேற்கு வங்கம் உட்பட 13 மாநிலங்களில் எடுத்து, மத்திய அரசு 2007-இல் வெளியிட்ட குழந்தைக் கொடுமை பற்றிய ஆய்வோ வீட்டுக்குள் பார்க்கச் சொன்னது. பாலியல் தொல்லை தந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள். பாதிக்கப்பட்டவர்களில் பாதிக்கு மேல் ஆண் பிள்ளைகள். இந்தத் தொல்லையைப் பற்றி நாம் நம்புவதும் உண்மையும் வேறு வேறு.

நம்பிக்கை: காயம் எதுவும் இல்லை, வளர்ந்தால் மறந்துவிடும்.

உண்மை: வன்முறையும் உடல் அத்துமீறலின் அளவும் பாதிப்பைக் கூட்டும். ஆனால் அவை மட்டுமே அளவுகோல் அல்ல. எத்தனை நாள் நீடித்தது, செய்தவர் எவ்வளவு நெருக்கம் என்பதும் சேரும். அடிக்காமல், மிட்டாயும் செல்லமும் கொடுத்தே ஒரு சித்தப்பா மாதக்கணக்கில் செய்தால், குழந்தை தன்னையே குற்றவாளியாக நினைத்துக்கொள்கிறது. அந்தக் குற்ற உணர்வு எந்த மருத்துவப் பரிசோதனையிலும் தெரியாது.

நம்பிக்கை: இனி அவள் வாழ்க்கையே போச்சு.

உண்மை: பரிவோடு சொல்லப்படும் இந்த வார்த்தைதான் எனக்கு அதிகக் கோபம் தருகிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் கெண்டல்-டாக்கெட், வில்லியம்ஸ், ஃபிங்கெல்ஹோர் மூவரும் 45 ஆய்வுகளைத் தொகுத்து 1993-இல் எழுதினார்கள். பாலியல் தொல்லைக்கு ஆளான குழந்தைகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கினரிடம் ஆய்வின்போது எந்த அறிகுறியும் இல்லை. சிலருக்குப் பின்னாளில் தலைகாட்டலாம் என்பதால் கவனிப்பை விடக் கூடாது. ஆனால் பெரும்பாலோர் ஒன்றரை ஆண்டுக்குள் தேறிவந்தார்கள். தேற உதவியவற்றில் முக்கியமானது தாயின் ஆதரவு. நடந்ததை நம்மால் மாற்ற முடியாது; பிள்ளை வாய் திறக்கும் அந்த நேரத்தில் “நீ ஏன் அங்கே போனே?” என்று கேட்காமல் இருக்க முடியும். “சொன்னது நல்லது, உன்மேல் தப்பே இல்லை” என்று சொல்ல முடியும்.

நம்பிக்கை: போலீஸ், கோர்ட் என்று போனால்தான் பிள்ளை உடையும்.

உண்மை: இந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பதும், நீளும் வழக்கும் குழந்தையை வாட்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம், 2012 அதை உணர்ந்தே எழுதப்பட்டது. வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலேயே வாங்கலாம். இயன்றவரை பெண் உதவி ஆய்வாளர் வர வேண்டும், சீருடையில் வரக் கூடாது. பெயரை வெளியிடக் கூடாது. நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையின் கண்ணில் படக் கூடாது. இவை சலுகைகள் அல்ல, கேட்டு வாங்க வேண்டிய உரிமைகள். முதல் அழைப்புக்குக் குழந்தைகள் உதவி எண் 1098 போதும்.