பக்கவாதமும் வாய்நலமும்

'பல் போனால் சொல் போச்சு' என்பது பழமொழி. பல் இருக்கும்போதே சொல் போவதை நான் எங்கள் வீட்டில் கண்டேன்.

காரமடையை அடுத்த தோட்டத்தில் வாழும் என் அப்பாருவைப் பக்கவாதம் தாக்கி, வலப்பக்கம் செயலிழந்தது. கைக்கும் காலுக்கும் நாள்தோறும் பயிற்சி கொடுத்தோம். வாயை ஒருவரும் பார்க்கவில்லை. நாளடைவில் அவர் விரும்பி உண்ணும் அரிசிம்பருப்புச் சோற்றையும் ஒதுக்கினார். விருந்தாளி வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிடிவாதம் என்றே எண்ணினோம். பிறகு பல் மருத்துவர் ஒருவர் வலக் கன்னத்தை விலக்கிக் காட்டினார். முதல்நாள் உண்ட சோறு அங்கே தங்கி, ஈறு புண்ணாகியிருந்தது. வெட்கத்தால் தலைகுனிந்தேன். அதன்பின் படித்தறிந்தவற்றையே இங்குத் தருகிறேன்.

மூளையின் இரத்தக்குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ பக்கவாதம் உண்டாகிறது. கன்னமும் நாக்கும் தளர்வதால் உணவு ஒருபுறம் தங்குகிறது. உணர்ச்சி குன்றியிருப்பின் நோயாளி அதை அறியமாட்டார். பல் துலக்கும் கையே செயலிழந்திருக்கலாம். சில மருந்துகளால் உமிழ்நீரும் குறைகிறது.

இதனால் விளையும் கேடு பல்லோடு நிற்பதில்லை. விழுங்கும் ஆற்றல் குறைந்தவர்க்கு வாயிலுள்ள கிருமிகள் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கலாம். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் ஈராண்டு நடந்த ஆய்வின் முடிவு 2002இல் வெளிவந்தது. உணவுக்குப்பின் பிறர் உதவியால் பல் துலக்கப்பெற்ற முதியோரில் 100க்கு 11 பேருக்கே நிமோனியா வந்தது. அவ்வுதவி பெறாதோரில் 19 பேருக்கு வந்தது.

வாழ்க்கைத் தரமும் வாயைச் சார்ந்ததே. முதியோரின் வாய்நலத்தை அளக்க அமெரிக்காவில் 1990இல் வெளியான வினாப்பட்டியலில் 12 வினாக்கள் உள்ளன. எளிதாக விழுங்க முடிகிறதா, பிறர்முன் உண்ணக் கூச்சமா, மனிதரோடு பழகுவதைக் குறைத்துக்கொண்டீர்களா என்பன அவற்றுட் சில. அப்பாருவின் 'பிடிவாதம்' இவ்வினாக்களுக்கு விடையாக இருந்ததை அன்றே உணர்ந்தேன்.

நாம் செய்யத்தக்கவை எளியவை. நோயாளியை நிமிர்த்தி உட்காரவைத்து, மென்மையான பிரஷ்ஷால், சிறிதளவு பேஸ்ட் இட்டு, நாளுக்கு இருமுறை துலக்கிவிட வேண்டும். உணவுக்குப்பின் தளர்ந்த பக்கத்துக் கன்னத்தைப் பார்த்துத் தூய்மை செய்ய வேண்டும். பல்செட்டு இருப்பின் இரவில் கழற்றிக் கழுவ வேண்டும். கை சற்றுத் தேறியவர்க்குப் பிரஷ்ஷின் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கிக் கொடுத்தால் தாமே துலக்குவார். விழுங்கும்போது இருமலோ புரையேறலோ இருப்பின் மருத்துவரிடம் கூறவேண்டும். தமிழக அரசு 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. அவ்வாறு வருவோரிடம் வாயைப் பற்றியும் கேளுங்கள்.

அப்பாருவின் கை இன்னும் முழுமையாகத் தேறவில்லை. ஆனால் சென்ற மாதம் எங்களோடு பந்தியில் அமர்ந்து, "இன்னுங் கொஞ்சம் போடு கண்ணு" என்றார். சொல் குழறியது, எங்களுக்கு விளங்கியது.

தோழர்களே, உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ இத்தகையவர் இருப்பின், கைகால் எப்படி இருக்கிறது என்று கேட்பதோடு நில்லாதீர். வாயையும் ஒருமுறை பாருங்கள்.