மூன்று சாடி போதும்

அன்புள்ள தம்பிக்கு,

வேலை கொஞ்சம் ஓய்ந்திருக்கிறது, மறுபடியும் ஸ்லிப்பர் ஆர்க்கிட் வளர்க்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். கூடவே, வாங்க வேண்டியவை என்று பதினெட்டுச் செடிகளின் பட்டியல். ஆசையில் எனக்குக் குறை தெரியவில்லை, பட்டியலில்தான் தெரிகிறது. இந்த முறை மூன்று சாடியோடு தொடங்கு. அந்த மூன்றும் உன் வீட்டில் புதுக்கன்று விட்டு, அந்தக் கன்று பூக்கும் வரை நான்காவதை வாங்காதே. காசை நினைத்து இப்படிச் சொல்லவில்லை. இந்தச் செடி வளரும் விதத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.

நம் ஈப்போ பக்கம் வீட்டு வாசலில் ஆர்க்கிட் என்றால் வாண்டா, மொக்காரா, டென்ட்ரோபியம்தான். டென்ட்ரோபியத்தின் தடித்த தண்டு தண்ணீரையும் சத்தையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். பத்து நாள் கவனிக்காமல் விட்டாலும் தாங்கும். நீ வளர்க்கப்போகும் ஸ்லிப்பர் ஆர்க்கிட்டான பாஃபியோபெடிலத்துக்கு அந்தச் சேமிப்புத் தண்டே கிடையாது. இலை விசிறி ஒன்று, அதன் அடியில் சில வேர்கள், அவ்வளவுதான். வேர்களும் அதிகமில்லை, உட்கார்ந்து எண்ணிவிடலாம். நல்ல வேர் பழுப்பு நிறத்தில், மேலெல்லாம் மெல்லிய மயிரோடு, நுனி மட்டும் வெளுத்து இருக்கும். அழுகிய வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறையாகக் கழன்று வரும், உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். இதில் வம்பு என்னவென்றால், வேர் இப்படிப் போன பிறகும் இலை பல வாரம் பச்சையாகவே நிற்கும். இலை தொய்ந்து சுருங்கும்போதுதான் நமக்குச் சேதி வரும், அப்போது காரியம் மிஞ்சிப்போயிருக்கும். மூன்று சாடி என்றால் ஒவ்வொன்றின் எடையும் உன் கைக்குத் தெரியும், எது காய்ந்திருக்கிறது, எது இன்னும் ஈரமாக இருக்கிறது என்று தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவாய். பதினெட்டு என்றால் குழாயைப் பிடித்து எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் ஊற்றுவாய். இங்கே ஸ்லிப்பர் ஆர்க்கிட்டுகள் பெரும்பாலும் சாவது அப்படித்தான்.

இன்னொன்றையும் யோசி. ஓர் இலை விசிறி ஒரே ஒரு முறைதான் பூக்கும். அடுத்த பூ, அதன் அடியிலிருந்து கிளம்பும் கன்றில்தான். அந்தக் கன்று முற்றிப் பூக்க ஓராண்டோ ஈராண்டோ ஆகும், பெரிய இனங்களுக்கு இன்னும் கூடுதல். ஆகவே பூவோடு ஒரு சாடியை வாங்கி வந்தால் அந்தப் பூ நர்சரிக்காரரின் உழைப்பு, உன் கணக்கில் சேராது. உன் வளர்ப்பு சரியா தவறா என்பது அடுத்த கன்று பூக்கும்போதுதான் தெரியும். அதற்குள் பதினெட்டு வாங்கியிருந்தால், விடை வருவதற்குள் ஒரே தவற்றைப் பதினெட்டுச் சாடியில் செய்து முடித்திருப்பாய்.

‘நான் புதியவன் இல்லையே, பெரியப்பா’ என்பாய். நியாயமான பேச்சு. பழைய அனுபவம் வீண்போகாது. பூச்சியையும் நோயையும் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்வாய். ஆனால் ஒரு வீட்டின் காற்றோட்டத்துக்கும் நிழலுக்கும் பழகிய கை, இன்னொரு வீட்டில் அப்படியே செல்லாது. அம்மா வீட்டு முற்றத்தில் மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர் என்பது சரியாக இருந்திருக்கலாம். இப்போதுள்ள டேரஸ் வீட்டின் கார் போர்ச்சில், மேலே தகரக் கூரை, முன்னே சூடேறும் சிமெண்டுத் தரை. அங்கே அது அதிகமாகவும் இருக்கலாம், போதாமலும் போகலாம். மரப்பட்டைக் கலவையும் நம் வெக்கையிலும் ஈரத்திலும் சீக்கிரம் மக்கிப்போகும். ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. மாற்றும்போது புதுக்கன்றின் அடி கலவையின் மட்டத்துக்கு வரும்படி வை. புது வேர் அந்த அடியிலிருந்துதான் வரும். அது மேலே தூக்கி நின்றால் வேர் கலவையைத் தொடாமலே காய்ந்துவிடும். இதையெல்லாம் நீ முன்பு செய்தவன்தான். வாரந்தோறும் அதற்கு நேரம் ஒதுக்கும் பழக்கம்தான் விட்டுப்போயிருக்கிறது, அதைச் சிறிய அளவில்தான் மீட்க முடியும்.

எந்த மூன்று என்பதை உன் வீட்டு இரவுதான் முடிவு செய்ய வேண்டும். உன் பட்டியலின் முதல் வரிசையில் இன்சிக்னேயும் வில்லோசமும் இருக்கின்றன. இன்சிக்னே வடகிழக்கு இந்தியாவின் மலைச்செடி; இரவுக் குளிர் பட்டால்தான் மொட்டு வைக்கும். ஈப்போவில் இரவு வெப்பம் 23, 24 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. செடி உயிரோடு இருக்கும், இலையும் விடும், பூவை மட்டும் காட்டாது. கேமரன் மலையில் வீடு இருந்தால் வேறு பேச்சு. ஏர்கான் அறையில் வைக்கிறேன் என்றால், அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும், பிறகு ஈரப்பதத்துக்குத் தனி இயந்திரம் வாங்க வேண்டிவரும். அந்தச் செலவில் ஒரு விளையாட்டு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். திரும்பி வரும் முதல் ஆண்டில் அது வேண்டாம்.

நம் நாட்டுச் சூட்டிலேயே பிறந்தவை இருக்கும்போது எதற்கு இத்தனை பாடு? பார்பாட்டம் பினாங்கு, கெடா மலைகளின் சொந்தச் செடி. கரும்பச்சைக் கோலம் போட்ட இலை, ஒற்றைப் பூ. பக்க இதழ்களின் மேல்விளிம்பில் பளபளக்கும் கறுப்பு மருக்கள், மருவுக்கு மரு குத்திட்டு நிற்கும் மயிர். இதைச் சாதாரணம் என்று ஒதுக்காதே. 1869இல் இங்கிலாந்தில் வீச் நர்சரியில் முதன்முதலாகப் பூத்த ஸ்லிப்பர் ஆர்க்கிட் கலப்பினமான ஹாரிசியானத்துக்கு ஒரு பக்கத்துப் பெற்றோர் இதுதான். அடுத்தது மௌடியே வகைக் கலப்பினம் ஒன்று. காலோசமும் போர்னியோவின் லாரன்சியானமும் சேர்ந்து வந்த வழி, ஆகவே நம் வெப்பத்தில் தயங்காது. மூன்றாவது, லங்காவிச் சுண்ணாம்புப் பாறைகளில் வளரும் நிவியம். வெள்ளைப் பூவில் ஊதாப் புள்ளிகள். இது மட்டும் கொஞ்சம் பிடிவாதக்காரி. கலவையில் சுண்ணாம்புக்கல் துண்டுகள் கலக்க வேண்டும், இலைக் குருத்தில் தண்ணீர் தேங்கினால் ஒரே இரவில் அழுகல் பிடித்துவிடும். காலையிலேயே ஊற்று, குருத்தில் நின்ற நீரைத் துணி நுனியால் ஒற்றி எடு. மூன்றுக்கும் வாண்டாவுக்குக் கொடுக்கும் வெயில் ஆகாது. நல்ல நிழல்வலையும் நகரும் காற்றும் வேண்டும்.

மூன்றே செடி என்றால் பாதி நாள் பூவே இருக்காதே என்று கேட்பாய். இருக்காதுதான். ஆனால் இவற்றின் ஒரு பூ ஒரு மாதத்துக்கு மேல் நிற்கும், வாடிச் சுருங்காமல் ஒருநாள் முழுசாகக் கழன்று விழும். பூ இல்லாத மாதங்களுக்குக் கோல இலை இருக்கிறது. அதுவும் போதாது, எப்போதும் பூ வேண்டும் என்றால் டென்ட்ரோபியம் வளர்ப்பதே உத்தமம். அதில் ஒன்றும் கேவலம் இல்லை.

அடுத்தது விலை. ஃபாலனாப்சிஸைத் திசு வளர்ப்பில் ஆயிரக்கணக்கில் நகலெடுத்து சூப்பர்மார்க்கெட் வரை கொண்டுவந்துவிட்டார்கள். பாஃபியோபெடிலம் அந்த வித்தைக்கு இன்னும் சரியாக இணங்கவில்லை. விதையிலிருந்து வளர்க்கலாம், அல்லது கொத்தைப் பிரிக்கலாம். விதையில் வந்த ஒவ்வொன்றும் தனிப்பிறவி. இறந்தால் அதே செடி திரும்பக் கிடைக்காது. இதனால்தான் விலை இறங்குவதில்லை, இதனால்தான் காட்டுச்செடி விற்பவன் உன் இணையப் பக்கத்தில் மலிவு விலையோடு வந்து நிற்கிறான். ‘எப்படியும் காடு அழிகிறது, என் வீட்டிலாவது பிழைக்கட்டுமே’ என்று நீ எழுதிய வரியை இரண்டு முறை படித்தேன். வடக்கு வியட்நாமில் வியட்நாமென்ஸ் என்ற இனத்துக்கு 1999இல் பெயர் சூட்டினார்கள். சில ஆண்டுகளுக்குள் காட்டில் அதைக் காண்பதே அரிதாகிவிட்டது. காரணம் மரம் வெட்டியது அல்ல. சேகரிப்பவர்களுக்கு விற்கப் பெயர்த்தது. பெயர்த்ததில் பிழைப்பதும் குறைவு, ஏனென்றால் பாறை இடுக்கிலிருந்து பிடுங்கும்போது அறுவது அந்தக் கொஞ்ச வேர்தான். இதற்கு நேர்மாறாக டெலெனாட்டியைப் பார். அது 1990களில் வியட்நாமில் மறுபடி கண்டுபிடிக்கப்படும் வரை, உலகமெங்கும் வளர்ப்பில் இருந்தவை பிரான்சில் ஒரு நர்சரியில் பிழைத்திருந்த ஒரே செடியின் விதை வழி வந்தவை. ஓர் இனத்தை வீட்டில் காப்பாற்றுவது என்றால் அதுதான், விதை எடுத்துக் கன்று பெருக்குவது. சட்டமும் இருக்கிறது: பாஃபியோபெடிலம் இனங்கள் எல்லாமே, அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் உள்ளவை, நம் மலேசியாவில் 2008ஆம் ஆண்டுச் சட்டம் அதை நடைமுறைப்படுத்துகிறது. விற்பவரிடம் விதைக்கன்றா என்று கேள். வேரைக் காட்டச் சொல். ஒரே சீரான கலவையில் வளர்ந்த வேரும், பாசியும் கிழிசல் இலையுமாக அறுந்து நிற்கும் வேரும் பார்த்தாலே வேறு.

கடைசியில் ரோத்சைல்டியானம். கினபாலு மலையின் அந்தப் பெரிய பூவை இளவயதில் வாங்க முடியவில்லை, இப்போது முடியும் என்கிறாய். விதைக்கன்றாக வாங்கினால் பூக்கப் பத்தாண்டு ஆவது சாதாரணம். மூன்று சாடியையும் ஒரு சுற்று பூக்கவைத்த பிறகு அந்தக் கன்றை வாங்கு, நானே தடுக்க மாட்டேன்.

நர்சரிக்குப் போவதற்கு முன், குறைந்தபட்ச–அதிகபட்ச வெப்பத்தைப் பதிவு செய்யும் ஒரு வெப்பமானியை போர்ச்சின் உள்பக்கச் சுவரில், செடி வைக்கும் உயரத்தில் தொங்கவிடு. இரண்டு வார அளவைக் குறித்து, மதியம் இரண்டு மணிக்கு அந்த இடத்தில் வெயில் எவ்வளவு விழுகிறது என்பதையும் சேர்த்து எழுது. நிவியம் தாங்குமா, அல்லது இரண்டு மௌடியேயாக வைத்துக்கொள்வதா என்று பிறகு பேசுவோம்.

அன்புடன்,
பெரியப்பா