படைவண்டியும் பயண வீடும்

போர் முடிந்தபின் வீரர்கள் தத்தம் ஊருக்குத் திரும்புவர். அவர்களோடு களம் சென்ற வண்டிகளும் கூடாரங்களும் என்னாகும்? சில துருப்பிடித்து மண்ணோடு மண்ணாகும். சில உருக்கப்பட்டு வேறு வடிவம் பெறும். ஒரு சில, அறிவும் உழைப்பும் உடையார் கையிற் சேர்ந்து புதுவாழ்வு எய்தும். அமெரிக்கப் படையினர் பயன்படுத்திய சிறு வண்டி ஒன்று, குடும்பத்தார் தங்கிச் செல்லும் பயண வீடாக மாறும் வரலாற்றை இப்பாடத்திற் காண்போம்.

ஜீப் என்னும் வண்டியை நீங்கள் அறிவீர்கள். அது இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே தோன்றியது. பென்சில்வேனியா மாநிலத்துப் பட்லர் நகரில் இருந்த பாண்டம் என்னும் சிறு நிறுவனம், 1940ஆம் ஆண்டில் அதன் முதல் மாதிரியைச் செய்து படையினரிடம் அளித்தது. ஆயினும், ஜீப்பைப் பெருந்தொகையாகச் செய்யும் பணி வில்லிஸ், ஃபோர்டு ஆகிய பெரிய நிறுவனங்களுக்கே கிடைத்தது. பாண்டம் நிறுவனம் ஜீப்பின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லும் பின்வண்டிகளைச் செய்வதில் ஈடுபட்டது. டிரெய்லர் எனப்படுவது இதுவே. வில்லிஸ் நிறுவனமும் இத்தகைய வண்டிகளைச் செய்தது.

இப்பின்வண்டிக்குச் சக்கரங்கள் இரண்டே. அதன் உடல் இரும்புத் தகட்டால் ஆன பெரிய தொட்டி போன்றது. உட்புறம் ஏறத்தாழ 6 அடி நீளமும், 4 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலமும் உடையது. வெறும் வண்டியின் எடை ஏறத்தாழ 250 கிலோகிராம். கரடுமுரடான நிலத்தில் அது சுமப்பதற்கு வகுத்த அளவு 500 பவுண்டு. அஃதாவது, ஏறத்தாழ 227 கிலோகிராம். ஆற்றைக் கடக்குங்கால் மிதந்து செல்லுமாறு, நீர் புகாத வகையில் அதனை அமைத்தனர். உள்ளே சேரும் நீரை வெளியேற்ற அடித்தட்டில் துளைகளும் அவற்றிற்கு அடைப்புகளும் வைத்தனர். ஜீப்பின் சக்கரமும் பின்வண்டியின் சக்கரமும் ஒரே அளவின; ஒன்று பழுதானால் மற்றொன்றைக் கழற்றி மாட்டலாம். ஒவ்வோர் உறுப்பும் ஒரு காரணம் பற்றியே அமைந்தது என்பதனை உணர்க.

போர் முடியும் தறுவாயில், மிகுதியான படைப்பொருள்களை விற்பதற்கென 1944ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. போரில் பணியாற்றித் திரும்பியோர்க்கு அச்சட்டம் முன்னுரிமை அளித்தது. இவ்வாறு உழவரும் தொழிலாளரும் பின்வண்டிகளை வாங்கினர். பிற்காலத்துப் படையினர் பயன்படுத்திய எம்-100, எம்-416 என்னும் பின்வண்டிகளும் நாளடைவில் மக்கள் கைக்கு வந்தன. இவற்றைப் பயண வீடாக மாற்றும் பழக்கம் அந்நாட்டில் இன்றும் உண்டு.

மாற்றும் முறை யாது? முதற்கண் வண்டியைக் கழுவி, அடித்தட்டையும் சட்டத்தையும் நன்கு ஆராய்தல் வேண்டும். துரு அரித்த இடத்தை வெட்டி நீக்கிப் புதுத்தகடு பற்றவைப்பர். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் கலந்திருத்தல் கூடும். அதன் தூள் உடலுக்கு நஞ்சாகும். ஆதலின், முகமூடியின்றி அதனைச் சுரண்டலாகாது. அடுத்து, சக்கரங்களின் பேரிங்குகளைக் கழற்றித் துடைத்துப் புதிய கிரீஸ் இடுவர். பின்னர், தொட்டியின் மேல் ஒட்டுப்பலகையால் மூடி அமைத்து, அதன்மேல் மடக்குக் கூடாரத்தைப் பொருத்துவர். தொட்டியினுள் சமையற் கலங்களும் படுக்கைகளும் அடங்கும். ஓரிடத்தில் தங்கியதும் கூடாரத்தை விரித்து, சிறிய ஏணி வழியாக ஏறி உறங்குவர்.

இவை யாவும் கைத்திறனால் ஆகும். ஆயின், கைத்திறன் மட்டும் போதுமோ? போதாது, கணக்கும் வேண்டும். ஒரு குடும்பத்தார் தம் வண்டியை அமைக்கின்றனர் என்று கொள்வோம். மூடியும் சட்டமும் 60 கிலோகிராம்; கூடாரம் 55; தண்ணீர் 40 லிட்டர், அதன் எடை 40; சமையற் பெட்டி 25; படுக்கைகள் 20; மின்கலம் 20. கூட்டினால் 220 ஆகின்றது. வண்டிக்கு வகுத்த அளவோ 227. உணவையும் உடையையும் எங்கே வைப்பது? எஞ்சியிருப்பது 7 கிலோகிராமே! 'இன்னும் சிறிது வைத்தால் என்ன?' என்று எண்ணுவோர், மலைப்பாதையில் அச்சு முறிந்து தவிக்க நேரிடும். வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் வண்டியின் அச்சையே எடுத்துக்காட்டாக ஆண்டமை இங்கு நினைக்கத்தக்கது. ஆகவே, பெரிய கூடாரத்தை விடுத்துச் சிறியதைத் தேர்வதும், கனத்த பலகைக்கு ஈடாக மெல்லிய பலகையைக் கொள்வதுமே தக்க வழியாம்.

சுமையின் அளவு சரியாயினும், அதனை வைக்கும் இடமும் சரியாதல் வேண்டும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கேனும் முன்னுள்ள இணைப்பின்மீது அழுந்துதல் வேண்டும். அச்சிற்குப் பின்னே சுமை மிகுந்தால், வேகமாகச் செல்லுங்கால் பின்வண்டி பாம்பு நெளிவதுபோல் இருபுறமும் அலையும். இழுத்துச் செல்லும் வண்டியையும் கவிழ்த்துவிடும். வண்டி நின்ற பின்னரும் எச்சரிக்கை வேண்டும். ஆட்கள் கூடாரத்தில் ஏறுமுன், நான்கு மூலைகளிலும் தாங்குகால்களை ஊன்றுதல் இன்றியமையாதது.

இவ்வண்டிக்கு உரிய வேறு சில இயல்புகளும் உள. அதன் கைப்பிரேக், நின்ற வண்டியை உருளாமல் தடுக்கவே உதவும். ஓடும் வண்டியை நிறுத்தும் பொறுப்பு முழுவதும் இழுக்கும் வண்டியினதே. ஆகலின், மலைச்சரிவில் மெல்ல இறங்குதல் வேண்டும். படைவண்டியின் கொக்கியில் மாட்டும் இரும்பு வளையமே இதன் முன்முனையில் உள்ளது. இழுக்கும் காரில் அதற்கேற்ற கொக்கி இல்லையெனின், இரண்டில் ஒன்றை மாற்றிக் காப்புச் சங்கிலியும் பூட்டுவர். உலகப் போர்க்காலத்து ஜீப்பின் மின்னழுத்தம் 6 வோல்ட். 1950க்குப் பின் வந்த படை ஜீப்புகளுக்கு 24 வோல்ட். இக்காலத்துக் கார்களுக்கு 12 வோல்ட். விளக்குகளை இதற்கேற்ப மாற்றாவிடில், பின்னே வருவோர்க்கு வண்டி தெரியாது. அடுப்பைக் கூடாரத்தினுள் எரித்தலும் ஆகாது. மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு என்னும் வளி உறங்குவோர் உயிரைக் கவரும்.

இவற்றையெல்லாம் அறிந்து செய்த வண்டி, கொலராடோ போன்ற மலைநாடுகளின் காட்டு வழிகளில் அச்சமின்றிச் செல்லும். வெடிமருந்துப் பெட்டிகள் அடுக்குவதற்கென அமைந்த தொட்டியில் குழந்தைகளின் போர்வைகள் இருக்கும். ஆற்றுநீரை வடிப்பதற்கென வைத்த துளைகள், தொட்டியைக் கழுவும் நீரை வடிக்கப் பயன்படும். சிலர் படைக்காலத்துப் பெயர்த் தகட்டை நீக்காது பழைய இடத்திலேயே விட்டுவைப்பர். அது வண்டி கடந்து வந்த காலத்திற்குச் சான்றாய் நிற்கும்.

மாணவர்களே! பழையது என்று ஒரு பொருளை எறிதல் எளிது; அதனைப் புதிய பணிக்கு ஆளாக்குதல் அரிது. அவ்வாறு ஆக்க விரும்புவோர், அது முன்னர் எதற்காகச் செய்யப்பட்டது, எவ்வளவு தாங்கும், எதனைத் தாங்காது என்பவற்றை முதலில் அறிதல் வேண்டும். பொருளின் எல்லையை அறிந்து நடப்பவர்க்கே அப்பொருள் துணையாகும். போருக்குப் பிறந்த வண்டியும் இவ்வறிவினாலேயே ஒரு குடும்பத்தின் இனிய இல்லமாயிற்று.