தொழில் தமிழ் எழுதப் படிக்கலாமா?

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)



கட்டுரை எழுதச் சொன்னால் நாம் எதைப் பற்றி எழுதுகிறோம்? நூலகத்தின் பயன், காலத்தின் அருமை, நான் கண்ட கண்காட்சி. மதிப்பெண்ணும் வாங்கி விடுகிறோம். ஆனால் பூச்சி மருந்துப் புட்டியோடு மடித்து வைத்திருக்கும் தாளை எழுதியவர் யார், அவர் எங்கே படித்தார் என்று நம்மில் எவரேனும் எண்ணியதுண்டா? சென்ற தை மாதம் வரை நானும் எண்ணியதில்லை.

எங்களுடையது கரிசல் காடு. மழையை நம்பிய மானாவாரி நிலம். சென்ற ஆண்டு பருத்தியில் செடிப்பேன் விழுந்துவிட்டது. சித்தப்பா மருந்து வாங்கி வந்தார். அவர் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். தமிழ்ச் செய்தித்தாளைத் தலைப்பு முதல் கடைசி வரி வரை படிப்பவர். அந்தத் தாளையும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் காட்டுக்குப் போனார். மாலையில் தலைசுற்றலும் வாந்தியுமாக அவரைத் தூக்கி வந்தார்கள். இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தார். இறைவன் அருளால் பிழைத்துக் கொண்டார்.

பிறகு அந்தத் தாளை நான் எடுத்துப் படித்தேன். அதில் ஒரு வாக்கியம் ஏறத்தாழ இப்படி இருந்தது: "காற்று வீசும் திசைக்கு எதிர்த்திசையில் நின்று தெளிக்கப்படுவதைத் தவிர்த்தல் பயன்படுத்துவோர்க்கு மிக அவசியமாகும்." எழுத்து எறும்பு ஊர்ந்தது போல இருந்தது. மங்கலான வெளிச்சத்தில் சித்தப்பாவின் கண்ணில் பட்டவை 'எதிர்த்திசை' என்ற சொல்லும், 'மிக அவசியம்' என்ற சொல்லும்தாம். "காத்த எதுத்து அடிக்கணும்னுதான போட்டிருக்கு தாயி?" என்று அவர் என்னிடம் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. அந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. நம் தமிழம்மா திருத்தினாலும் சிவப்பு மையால் சுழிக்க இடம் இராது.

இதனைச் சிஸ்டரிடம் சொன்னபோது, இப்படிப்பட்ட எழுத்தைக் கற்பிப்பதற்கென்றே பல்கலைக்கழகங்களில் படிப்பு உண்டு என்றார்கள். அமெரிக்காவில் ரென்சலர் தொழில்நுட்பக் கல்லூரியும், இன்று கார்னகி மெலன் பல்கலைக்கழகம் என வழங்கும் கல்லூரியும் 1950-களிலேயே இதனைப் பட்டப் படிப்பாக்கி விட்டனவாம். கதை, கவிதை அன்று; இயந்திரத்தை எப்படி ஓட்டுவது, மருந்தை எப்படி அளப்பது, விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது என்பதைப் படிப்பவர் தவறின்றிச் செய்யுமாறு எழுதுவதே பாடம். கணிப்பொறிக்கு முதன்முதலாக விளக்கக் கையேடு எழுதியவர் ஜோசப் சாப்ளின் என்பவர். 1949-ல் பைனாக் என்ற பொறிக்காக எழுதினார். அதற்கும் வெகு முன்னே, 1391-ல், ஆங்கிலக் கவிஞர் சாசர் விண்மீன் அளக்கும் கருவியைப் பற்றித் தம் பத்து வயது மகனுக்காக ஒரு நூல் எழுதினார். பையனுக்கு இலத்தீன் போதாது என்று எளிய ஆங்கிலத்தில் எழுதினாராம். எனக்கு இந்த அப்பாவை மிகவும் பிடித்திருக்கிறது.

நம் தமிழில் இல்லையா என்று கேட்பீர்கள். தேடியபோது நம் பக்கத்து ஊரிலேயே ஒருவர் அகப்பட்டார். காமநாயக்கன்பட்டியில் இறைப்பணி ஆற்றிய வீரமாமுனிவரைத்தான் (1680-1747) சொல்கிறேன். தேம்பாவணியை எல்லாரும் புகழ்கிறோம். ஆனால் நாள்தோறும் நமக்குப் பயன்படுவது அவர் செய்த வேறொரு வேலை. ஓலையில் எகரமும் ஏகாரமும் மயங்கும். ஒகரமும் ஓகாரமும் மயங்கும். புள்ளியை வைத்து வேறுபடுத்த வேண்டும். ஓலையிலோ புள்ளி குத்தினால் கிழியும் என்று விட்டுவிடுவார்கள். அவர் வடிவத்தையே மாற்றி அந்த மயக்கத்தைப் போக்கினார். அதற்கு முன் பொருள் வேண்டுமானால் நிகண்டைப் பாட்டாக மனப்பாடம் செய்திருக்க வேண்டும். அவர் 1732-ல் சதுரகராதியை அகர வரிசையில் அமைத்தார். மனப்பாடம் செய்யாதவரும் தேடி எடுக்கலாம்! படிப்பவர் எங்கே தடுக்கி விழுவார் என்று பார்த்து அங்கே கைப்பிடி வைத்தவர் அவர்.

அடுத்தவர் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் செய்த சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822-1884). அமெரிக்கர். 1847-ல் இலங்கைக்கு வந்தவர். தமிழ்ப் பிள்ளைகளுக்கு மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்குப் பாடநூல் வேண்டுமே! 1852-ல் முதல் நூலை வெளியிட்டார். அதன் பெயர் 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்.' ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள்! (எங்கள் வகுப்பில் இருவர்தாம் வென்றனர்.) இரணவைத்தியம், கெமிஸ்தம் என்று மேலும் பல நூல்கள் வந்தன. புதுச்சொல் வேண்டும்போது முதலில் தமிழில் தேடுவார், இல்லையேல் வடமொழி, அதுவும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதுவார். அவர் ஆக்கிய சொற்களில் பல இன்று வழக்கில் இல்லை. இருந்தாலும் வகுப்பில் எதிரே மாணவர்களை உட்கார வைத்துக் கொண்டு எழுதியவர். விளங்கவில்லை என்றால் மறுநாளே தெரிந்துவிடும். மருந்துத் தாளை எழுதியவருக்கு எதிரே என் சித்தப்பா இல்லையே!

பின்னால் வந்தவர்களும் குறைந்தவர்கள் அல்லர். பெருங்குளத்துக்காரரான பெ.நா. அப்புஸ்வாமி (1891-1986) சட்டம் படித்த வழக்கறிஞர், எழுதியதோ அறிவியல். கோவையில் ஜி.ஆர். தாமோதரன் 1948-ல் 'கலைக்கதிர்' இதழைத் தொடங்கினார். பெரியசாமித் தூரன் தலைமையில் தமிழ்க் கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்தது. 2010-ல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடவியல், இயந்திரவியல் ஆகிய இரண்டு பொறியியல் படிப்புகளைத் தமிழில் தொடங்கியது.

ஆனால் கலைச்சொல் மட்டும் போதாது என்பது என் கருத்து. 'அசுவினி' என்று தாளில் இருக்கிறது. எங்கள் ஊரில் செடிப்பேன் என்றால்தான் தெரியும். இதற்கு வழிகாட்டி நம் இடைசெவல் கி. ராஜநாராயணன். பள்ளிப்படிப்பை ஏழாம் வகுப்போடு நிறுத்தியவர். 1982-ல் கரிசல் வட்டாரச் சொற்களைத் திரட்டி அகராதி வெளியிட்டார். பிறகு புதுவைப் பல்கலைக்கழகம் அவரையே சிறப்புப் பேராசிரியராக அழைத்துக் கொண்டது. தொழில் தமிழ் படிக்கப் போகிறவர் ஒரு கையில் கலைக்களஞ்சியத்தையும் மறு கையில் அந்த அகராதியையும் வைத்துக்கொள்ள வேண்டும் போலும்.

நானும் முயன்று பார்த்தேன். அந்தத் தாளை ஒரு நோட்டுப் பக்கத்தில் திருப்பி எழுதினேன். "காற்று உங்கள் முதுகில் படும்படி நின்று மருந்து அடியுங்கள். எதிர்க்காற்றில் அடிக்காதீர்கள். பலத்த காற்றென்றால் அன்று அடிக்கவே வேண்டாம்" என்று முதலில் போட்டேன். புட்டியின் மேல் உள்ள முக்கோணத்தின் நிறங்களையும் வண்ணப் பென்சிலால் வரைந்தேன்: சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அடுத்து மஞ்சள், அதற்கடுத்து நீலம், கடைசியில் பச்சை. "ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 மில்லி" என்று தாளில் இருந்ததை அப்படியே எழுதினேன். பெருமையாகத்தான் கொண்டு போனேன்.

சித்தப்பா படித்துவிட்டு, "நான் லிட்டர்லயா அடிக்கேன்? டாங்குலல்ல அடிக்கேன். டாங்குக்கு எம்புட்டு?" என்றார். என் முகம் வாடிவிட்டது. அவர் டாங்கு 10 லிட்டர் கொள்ளும்; ஆகவே 20 மில்லி. "எதால அளக்க? மூடியாலயா?" என்றார். மூடிக்கு மூடி அளவு வேறுபடுமே! கோடு போட்ட அளவுக் குவளையால் அளக்கவும், அதனைச் சமையலறைப் பக்கம் கொண்டு வரக்கூடாது என்றும் சேர்த்தேன். மூன்று முறை திருத்திய பின்புதான் "இப்ப வெளங்குது" என்றார். என் கட்டுரை நோட்டில் யாரும் இத்தனை திருத்தம் போட்டதில்லை.

வீட்டில் இப்போது வாக்குவாதம் நடக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவு எடுத்துச் செவிலியர் படிப்புக்குப் போ என்கிறார் அப்பா. தமிழ் படித்தால் என்ன வேலை என்கிறார் அத்தை. சென்னையிலும் பெங்களூரிலும் மென்பொருள் நிறுவனங்கள் இவ்வேலைக்கென்றே ஆள் வைத்திருக்கின்றன. ஆனால் அங்கே எழுதுவது பெரும்பாலும் ஆங்கிலத்தில். தமிழிலோ, கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் உழவர்களுக்காக மாத இதழ் நடத்துகிறது. தஞ்சையில் 1981-ல் தொடங்கிய தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் அறிவியல் தமிழுக்கென்றே துறை இருக்கிறது. நம் கோவில்பட்டியிலேயே 1901-ல் நிறுவிய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் உள்ளது. அங்கே கண்டறிவதைக் காட்டுக்குக் கொண்டு சேர்க்க எழுதுகிறவர் வேண்டாமா? அறிவியல் பிரிவே எடுக்கிறேன், அப்பாவுக்கும் மனக்குறை வேண்டாம். மருந்தைப் பற்றித் தெரியாமல் மருந்துத் தாள் எழுத முடியாது அல்லவா? தமிழை விடுவதாக மட்டும் இல்லை.

அந்த நோட்டுத் தாள் இப்போது மருந்து டாங்கு தொங்கும் ஆணியில் குத்தியிருக்கிறது. சென்ற வாரம் மேலத்தெருப் பெரியப்பா வந்து பார்த்துவிட்டு, "எனக்கும் ஒண்ணு எழுதிக் குடு தாயி, என் டாங்கு 16 லிட்டரு" என்றார். கணக்குப் போட்டு 32 மில்லி என்று எழுதிக் கொடுத்தேன்.